கிராம மின்மாற்றியும் மின்சார வண்டிகளும்

மின்சாரத்தால் ஓடும் இருசக்கர வண்டிகள் கிராமங்களில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிகளும் கார்களும் ஆங்காங்கே தலைகாட்டத் தொடங்கியுள்ளன. பெட்ரோல் செலவு மிச்சமாவது இவற்றின் முதல் அனுகூலமாகும். ஆனால் பல கிராமங்களில், இறவைப் பம்புசெட்டுகளுக்கும் வீடுகளுக்கும் மின்சாரம் அளிக்கும் அதே மின்மாற்றியிலிருந்தே இவ்வண்டிகளும் மின்சாரம் பெற வேண்டியிருக்கிறது. ஆகவே, வண்டிகள் பெருகினால் பயிருக்குப் பாயும் நீர் தடைப்படுமோ என்னும் ஐயம் விவசாயிகளிடையே எழுவது இயல்பே. இவ்வையம் எவ்வளவு தூரம் உண்மை, அதற்குப் பரிகாரம் யாது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

வண்டிகளுக்கு வேண்டிய மின்சாரம்

ஆயிரம் வாட் சக்தியுள்ள கருவி ஒரு மணி நேரம் வேலை செய்தால் ஒரு யூனிட் செலவாகும். சாதாரண மின்சார ஸ்கூட்டரின் பாட்டரி சுமார் 3 யூனிட் கொள்ளும். நாள்தோறும் 30 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு, மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு யூனிட் போதுமானது; மாதம் ஒன்றுக்கு 30 யூனிட் ஆகும். 5 குதிரைசக்தி பம்புசெட்டு மணிக்கு உத்தேசமாக நாலரை யூனிட் எடுத்துக்கொள்ளும். அதாவது, ஒரு ஸ்கூட்டர் ஒரு மாதம் முழுவதும் உண்ணும் மின்சாரத்தை ஒரு பம்புசெட்டு ஏழு மணி நேர இறவையில் செலவழித்து விடுகிறது. காருக்கு ஒரு யூனிட்டில் ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் கிடைக்கும். நாள்தோறும் 30 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர இறவைக்கான மின்சாரமே வேண்டும்.

இக்கணக்கிலிருந்து, மொத்த யூனிட்டுகளைப் பொறுத்த வரையில் அச்சத்திற்கு இடமில்லை என்பது விளங்கும். தொல்லை விளைவது, பலர் ஒரே நேரத்தில் மின்னேற்றம் செய்வதனாலேயே.

ஒரே நேரத்தில் ஏறும் பாரம்

ஏரியில் நீர் நிறைந்திருப்பினும், வாய்க்கால் கொள்ளும் அளவுதான் வயலுக்கு வந்து சேரும். எல்லா மடைகளையும் ஒருங்கே திறந்து விட்டால் தலைமடைக்காரருக்கே நீர் போதாது; கடைமடை காய்ந்து போகும். மின்மாற்றியின் நிலையும் இதுவே. 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை நம் உபயோகத்திற்கு ஏற்றவாறு குறைத்துத் தரும் இக்கருவி, 25, 63, 100 கிலோவோல்ட் ஆம்பியர் போன்ற அளவுகளில் அமைக்கப்படுகிறது. அவ்வளவே அது தாங்கத்தக்க பாரம்.

63 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றி ஒன்றில் 5 குதிரைசக்தி பம்புசெட்டுகள் பத்து ஒருங்கே ஓடுவதாகக் கொள்வோம். அவற்றிற்கே சுமார் 55 போய்விடும். எஞ்சிய எட்டில்தான் வீடுகளின் விளக்கும் விசிறியும் நடைபெற வேண்டும். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் இருபது பேர், தலைக்கு 750 வாட் வீதம், ஸ்கூட்டர்களை ஒரே வேளையில் மின்னேற்றத்திற்குப் போட்டால் மேலும் 15 கிலோவாட் பாரம் ஏறும். மின்மாற்றி இதைத் தாங்காது. இதே இருபது ஸ்கூட்டர்களை நான்கு நான்காக, ஒன்றரை மணி நேரம் வீதம் முறை வைத்து ஏற்றினால், எந்த நேரத்திலும் 3 கிலோவாட்டுக்கு மேல் பாரம் இராது; இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிகாலை ஐந்தரை மணிக்குள் எல்லா வண்டிகளும் ஆயத்தமாகிவிடும்.

கார்களின் விஷயத்தில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வீட்டில் பொருத்தும் 7.2 கிலோவாட் மின்னேற்றி பெரும்பாலும் ஒரே முனையிலிருந்து மின்சாரம் எடுக்கும். மேற்கூறிய மின்மாற்றியின் ஒவ்வொரு முனையும் தாங்கக்கூடியது 21 கிலோவோல்ட் ஆம்பியர் மட்டுமே. ஒரு கார் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டு கார்கள் ஒரே முனையில் அமைந்துவிட்டால், அம்முனையில் அழுத்தம் தாழ்ந்து, மும்முனைகளின் சமநிலை குலையும்.

பம்புசெட்டுக்கு நேரும் கேடு

கம்பியில் ஓடும் மின்சாரம் இருமடங்கானால் அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். மிகுபாரத்தால் மின்மாற்றியின் எண்ணெய் சூடேறி, உள்ளிருக்கும் சுருள்களின் காப்பு நாளடைவில் கெடுகிறது. மின்பாதையின் கோடியில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த நிலையில் நீரேற்றும் மோட்டார், குறைவை ஈடுசெய்ய அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடேறும்; அதன் சுருள் எரிந்து போவதும் உண்டு. கதிர் வாங்கும் சமயத்தில் மின்மாற்றியோ மோட்டாரோ பழுதுபட்டு, நீர் சில நாட்கள் தடைப்படுமாயின், அந்நஷ்டம் வண்டியால் மிச்சமாகும் பெட்ரோல் செலவைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாகும்.

பிற நாடுகளில் கையாளும் முறை

2024-ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் புதிதாக விற்ற கார்கள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்களாகும். அங்கு 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல், மின்பாதைக்கான கட்டணத்தின் ஒரு பகுதி, வீட்டார் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் உச்ச அளவைக் கொண்டு விதிக்கப்படுகிறது. ஆகவே பாரத்தைப் பரப்பி எடுப்பதே அவர்களுக்கு லாபம். பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீடுகளுக்கென விற்கப்படும் மின்னேற்றிகள் நெருக்கடி நேரத்தைத் தவிர்த்து வேலை செய்யுமாறு முன்கூட்டியே அமைக்கப்பட வேண்டும். எல்லாம் ஒரே நொடியில் தொடங்காதபடி, பத்து நிமிஷம் வரை முன்பின்னாகத் தொடங்கும் ஏற்பாடும் அவற்றில் இருத்தல் வேண்டும். நம் ஊர்களில் முறை வைத்து நீர் பாய்ச்சும் வழக்கமே அங்கு விதியாகவும் யந்திரமாகவும் உருக்கொண்டுள்ளது.

ஏற்ற நேரம்

மாலை ஆறு முதல் இரவு பத்து மணி வரை வீடுகளில் மின்சாரச் செலவு மிகுந்திருப்பதால், அந்நேரத்தைத் தவிர்ப்பது நலம். இரவில் இறவை இல்லாத ஊர்களில் பத்து மணிக்கு மேல் ஏற்றலாம். இரவு இறவை நடைபெறும் ஊர்களில், சூரியசக்தி மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் நண்பகல் நேரமே மேலானது. ஆனால் அவ்வேளையிலும் பம்புசெட்டுகள் பல ஓடுமாயின், அவற்றின் முறையை அனுசரித்தே வண்டிகளின் முறையையும் அமைக்க வேண்டும். இந்திய அரசு 2023-ஆம் ஆண்டில் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரியசக்தி நேரத்தில் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தபட்சம் 20 சதவீதம் குறைவாகவும், நெருக்கடி நேரத்தில் அதிகமாகவும் இருப்பதற்கு வகை செய்கின்றன. விவசாய மின் இணைப்புகளுக்கு இம்முறை இல்லை.

இலவச இணைப்பை உபயோகித்தல் கூடாது

கிணற்றுமேட்டில் உள்ள விவசாய இணைப்பிலிருந்து வண்டிக்கு மின்னேற்றம் செய்வது தவறு. அனுமதித்த காரியம் தவிர வேறு காரியத்திற்கு மின்சாரம் எடுப்பது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகமாகும். அதற்கு, பொருந்தும் கட்டணத்தைப்போல் இருமடங்கு வசூலிக்கப்படும். எந்நாள் முதல் நடந்ததென்று தெளிவாகாவிடில், சோதனைக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கிடப்படும். சில ரூபாய் மிச்சத்திற்காக இவ்வளவு பெரிய நஷ்டத்திற்கு உள்ளாகாதிருக்க, வீட்டு இணைப்பையே உபயோகிப்பார்களாக.

வண்டி உடையோர் செய்யத்தக்கவை

1. கார் வாங்குமுன், வீட்டு இணைப்பின் அனுமதித்த பாரம் போதுமா எனப் பார்த்து, போதாவிடில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் பாரத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2. மின்னேற்றத்திற்கு நல்ல எர்த் உள்ள, தனிக் கம்பி இழுத்த 16 ஆம்பியர் பிளக்கை உபயோகிக்க வேண்டும். மெல்லிய நீட்டிப்புக் கம்பிகள் சூடேறித் தீப்பற்றக்கூடும்.

3. வைக்கோற்போர், பருத்தி, சணற்சாக்கு ஆகியவற்றின் அருகில் மின்னேற்றம் செய்யலாகாது. வெயிலில் ஓடிவந்த வண்டியை நிழலில் ஆறவிட்டுப் பின்னரே ஏற்ற வேண்டும்.

4. பாட்டரி முற்றிலும் வற்றும் வரை காத்திராமல், அன்றாடம் செலவானதை அன்றாடம் ஏற்றினால் ஒவ்வொருவரின் முறையும் சுருங்கும்.

கிராமாதிகாரிகள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு மின்மாற்றியிலும் எத்தனை பம்புசெட்டுகள், எத்தனை வீடுகள், எத்தனை வண்டிகள் உள்ளன என்று ஒரு பட்டியல் தயாரித்து வைத்தல் நலம். கிராம சபையில் அப்பட்டியலை வாசித்து, தெருவாரியாக முறை நேரம் வகுக்கலாம். பாரம் மிகுந்துள்ள மின்மாற்றியைப் பெரிதாக்கவோ புதியது அமைக்கவோ மின்வாரியத்திற்கு எழுதுகையில், வெறும் குறையை மட்டும் தெரிவிப்பதைவிட இக்கணக்கையும் இணைத்து அனுப்புவது பயன் தரும். பொது மின்னேற்ற நிலையம் அமைப்பதாயின், அதற்குத் தனி இணைப்புப் பெறுவதோடு, இறவைப் பம்புசெட்டுகள் இல்லாத மின்மாற்றியைத் தேர்ந்தெடுத்தல் அவசியம்.

மின்மாற்றியைப் பெரிதாக்கப் பணமும் காலமும் வேண்டும். முறை வகுத்துக்கொள்ள ஊரார் உடன்பாடு ஒன்றே போதும். வண்டிகள் சிலவாக இருக்கும் இப்பொழுதே அவ்வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், அவை பலவாகப் பெருகும் காலத்திலும் கடைமடைப் பம்புசெட்டு தடையின்றி நீர் இறைக்கும்.