கொல்லிமலை ஏறினால் கொதிக்கும் கேரவன்... தென்னூர் பட்டறையில் சிக்கிய நிஜக் காரணம்!

'கேரவன்' என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகத்துக்கு வரும். ஹீரோ உள்ளே ஏ.சி-யில் இருப்பார், டைரக்டர் வெளியே வெயிலில் காத்திருப்பார். இப்போது அந்தக் கேரவன் சினிமாவிலிருந்து இறங்கி, நம் பக்கத்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டிலோ கொள்கைக்கெல்லாம் காத்திராமல், செகண்ட் ஹேண்டில் ஒரு டிராவலர் வேனை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, டாய்லெட் பொருத்தி, 'வீட்டோடு ஊர் சுற்றும்' குடும்பங்களைப் பார்க்க முடிகிறது.

இந்த வண்டிகளை அதிகம் படுத்தி எடுக்கும் பிரச்னை இன்ஜின் ஓவர்ஹீட். அதிலும் நம்ம திருச்சி வெயிலில் கேட்கவே வேண்டாம். இதைப் பற்றி எழுதலாம் என்று தென்னூரில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே நின்றிருந்த ஒரு வேனின் கதையே போதும் என்று தோன்றியது.

'இன்ஜினைப் பிரிக்கணும்' என்று சொல்லிவிட்டார்கள்!

வேனுக்குச் சொந்தக்காரர் பணி ஓய்வு பெற்றவர். மனைவிக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது, வழியில் இருக்கும் கழிப்பறைகளையும் பயன்படுத்த முடியாது. அதற்காகவே டாய்லெட் வைத்த வண்டியாகச் செய்திருக்கிறார். ஓய்வுக்கால சேமிப்பில் கணிசமான பகுதி இந்த வேனில்தான் இருக்கிறது.

முதல் பெரிய பயணம் கொல்லிமலை. திருச்சியிலிருந்து முசிறி, நாமக்கல் வழியாகக் காரவள்ளி அடிவாரம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, இரண்டு மணி நேரம் ஆறவைத்து, அப்படியே திரும்பி இறங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு தொடங்கியது பட்டறைப் படலம். ஓரிடத்தில் கூலன்ட் மாற்றினார்கள். இன்னோரிடத்தில் ரேடியேட்டர் மூடி மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு, 'இனிமே சூடே ஆகாது' என்று அனுப்பிவைத்தார்கள். சூடானது! கடைசியாக ஒருவர், ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். வண்டியை விற்றுவிடலாம் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்க, 'எதற்கும் இன்னொருத்தரிடம் காட்டுவோம்' என்று தென்னூருக்கு வந்திருக்கிறார் பெரியவர்.

ஸ்பேனருக்கு முன்னால் கேள்வி

தென்னூர் மெக்கானிக் ஸ்பேனரையே தொடவில்லை. முதலில் கேள்விகள்தான். எப்போது சூடாகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா, ஏறும்போதா? ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடத்தில்? கூலன்ட் குறைகிறதா?

டாக்டர் 'காய்ச்சல் காலையிலா, ராத்திரியிலா' என்று கேட்பது மாதிரிதான் இது. ஏனென்றால் சூடாகும் நேரமே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் டிராஃபிக்கில் நிற்கும்போது முள் ஏறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது இறங்கினால், சந்தேகம் முதலில் ஃபேன் மீது. ஓடும் வண்டிக்குக் காற்று தானாகக் கிடைக்கும், நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. ஃபியூஸ், ரிலே, ஃபேன் கிளட்ச், பெல்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, டவுனில் சமர்த்தாக இருந்துவிட்டு, பைபாஸில் சீரான வேகத்தில் போகும்போது சூடானால், தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. ரேடியேட்டர் அடைப்பு, பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்துபோன வாட்டர் பம்ப் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே, இன்ஜின் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி விறைத்துக்கொண்டால்தான் ஹெட் கேஸ்கெட் பயம் நியாயமானது.

முள்ளையும் முழுசாக நம்பக்கூடாது. சென்சார் கெட்டுப்போய்ச் சும்மாவே சிவப்பு காட்டுவதுண்டு. அதைவிட ஆபத்து இன்னொன்று. கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று சரசரவெனக் கீழே இறங்கினால் 'அப்பாடா' என்று இருந்துவிடாதீர்கள். தண்ணீர் மொத்தமும் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

நம் பெரியவர் வண்டி மூன்றாவது வகை. சமவெளியில் சரி, ஏற்றத்தில் மட்டும் தகராறு. குளிரூட்டும் சக்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது, அது ஏற்றத்தில் மட்டும் வெளியே தெரிகிறது என்பதே இதன் பொருள்.

ஒரு மலை ஏற எவ்வளவு சூடு?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொருட்களோடும் ஆட்களோடும் 4 டன் எடையுள்ள வேன், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே தூக்குவதற்கு மட்டுமே 3 லிட்டருக்கும் மேல் டீசல் வேண்டும். டீசலில் உள்ள சக்தியில் சுமாராக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மிச்சம் கூலன்டின் தலையில் விழுகிறது. அந்த மிச்சச் சூட்டை வைத்து நூறு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். அத்தனையையும் வண்டி ஊர்ந்து போகும் நேரத்தில், முகப்பில் இருக்கும் அந்த ஒரு ரேடியேட்டர் காற்றில் விட்டாக வேண்டும்.

இதில் வெயில் வேறு. கூலன்ட் 90 டிகிரி, வெளிக்காற்று 28 டிகிரி என்றால் வித்தியாசம் 62. கத்திரி வெயிலில் வெளிக்காற்றே 40 டிகிரி என்றால் வித்தியாசம் 50 ஆகிவிடும். சூட்டை வெளியேற்றும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே காலி.

குக்கர் தெரியுமா... அப்போ இது தெரியும்!

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்காதீர்கள். அது குக்கர் வெயிட்டின் வேலையைச் செய்கிறது. வெயிட்டுக்குப் பதிலாக உள்ளே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அது இன்னும் கொஞ்சம் மேலே போகும். மூடியின் ரப்பர் தேய்ந்துபோனால், கேஸ்கெட் போன குக்கர் மாதிரிதான். அழுத்தம் நிற்காமல் சீக்கிரமே கொதித்துவிடும்.

சூடான வண்டியில் அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான். 110 டிகிரியில் அழுத்தத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும் தண்ணீர், மூடி கழன்ற அந்த நொடியில் ஆவியாக வெடித்துக் கிளம்பும். முகமும் கையும் வெந்துபோகும். முகப்பு தட்டையான பழைய வேன்களில் இன்ஜின் பெட்டி, டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே கேபினுக்குள் இருக்கும். குழந்தைகள் உள்ளே இருக்கும்போது அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

துப்பு கொடுத்த வெள்ளைப் படிவு

வண்டி ஆறியபிறகு மூடியைத் திறந்தார் மெக்கானிக். புதிதாக ஊற்றிய கூலன்ட் அதற்குள் பழுப்பாகியிருந்தது. வாய்ப்பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் படிவு, வெந்நீர் அண்டாவின் அடியில் பிடித்திருக்குமே, அதே உப்பு! கேட்டால், குறையும்போதெல்லாம் வண்டியில் இருக்கும் வீட்டுத் தண்ணீர் டேங்கிலிருந்து பிடித்து ஊற்றியிருக்கிறார் பெரியவர். டேங்கில் இருந்தது போர் தண்ணீர்.

மூடியைத் திறந்துவைத்தபடி, வண்டி சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்து பார்த்தார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வரும். வரவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால் காபி நிறத்தில் இருக்கும். அதுவும் இல்லை. சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகையும் இல்லை. இன்ஜினைப் பிரிக்க எந்த அவசியமும் இல்லை என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு மூடியைப் போட்டு, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார். நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்ப்பார்களே, கொரோனா காலத்தில் வாசலுக்கு வாசல் பார்த்தோமே, அந்த மாதிரி ஒரு 'கன்'. இன்ஜின் சூட்டை அளப்பதற்கென்று தனியாகக் கிடைக்கிறது. அதை ரேடியேட்டர் மீது மேலிருந்து கீழாக நகர்த்தினார். மேலே சூடு. நடுவில் சூடு. கீழே இடது பக்கம் ஒரு பெரிய பகுதி மட்டும் கிட்டத்தட்ட வெறும் வெயில் சூட்டில்தான் இருந்தது. குளிர்ந்திருப்பது நல்லதுதானே என்று நான் நினைத்தேன். இல்லை. சூடான தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் போகவே இல்லை, அடைத்துக்கொண்டிருக்கிறது.

கழற்றிப் பக்கத்திலிருந்த ரேடியேட்டர் கடைக்கு அனுப்பினார்கள். பழைய செம்பு-பித்தளை ரகம் என்பதால் டேங்கைப் பிரித்து, குழாய்களில் ராடு விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைக்க முடிந்தது. இப்போதைய அலுமினிய-பிளாஸ்டிக் ரகமாக இருந்திருந்தால் பெரும்பாலும் புதிதாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே படிந்த சுண்ணாம்பு உப்பு வெப்பத்தைக் கடத்தும் திறன், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். மெல்லிய படலம் பிடித்தாலே போதும். சிலர் பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். உப்போடு சேர்ந்து ஈயப் பற்றும் உலோகமும் அரித்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு கோளாறும் சிக்கியது. படுக்கை அறைக்காகக் கூடுதலாக வைத்த ஏ.சி-யின் கண்டென்சரை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டியிருந்தார்கள். அதற்கு இடம் பண்ணுவதற்காக, ஃபேனைச் சுற்றியிருந்த கூண்டையும் கழற்றியிருக்கிறார்கள். காற்றுக்கு எப்போதுமே சுலபமான வழிதான் பிடிக்கும். கூண்டு இல்லையென்றால் ரேடியேட்டரைத் துளைத்துக்கொண்டு வராமல் பக்கவாட்டு இடைவெளி வழியாகவே ஃபேனுக்குப் போய்விடும். தகட்டில் ஒரு கூண்டு அடித்து மாட்டி, ஓரங்களில் ஃபோம் ஒட்டி அடைத்தார்கள். கண்டென்சரில் பிடித்திருந்த சேறும் பூச்சியும் கழுவப்பட்டது. அதையும் முன்பக்கமிருந்து பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாக அடிக்க வேண்டும்.

பாவம் அந்தத் தெர்மோஸ்டாட்!

நம்மூரில் 'சூடாகுது' என்றாலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஒரு வழக்கமாகிவிட்டது. பல இன்ஜின்களில் இது சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். அதே நேரத்தில், ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழியை அடைப்பதும் பல வண்டிகளில் இதன் வேலைதான். கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சமவெளியில் இன்ஜின் சரியாகச் சூடேறாமல் டீசல் குடிக்கும்; ஏற்றத்திலோ வழக்கத்தைவிட அதிகமாகக் கொதிக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம். பெரியவர் வண்டிக்குப் புதிய தெர்மோஸ்டாட் போட்டார்கள்.

கடைசியாக, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட். அதை மடமடவென்று ஊற்றக் கூடாது. உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் அந்த இடம் மட்டும் வேகும். ஹீட்டரைத் திறந்துவைத்து, ஆறிய இன்ஜினில் மெதுவாக ஊற்றி, ஐடிலில் ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை காத்திருந்து மூட வேண்டும். மெக்கானிக் இதற்கு மட்டும் அரைமணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே மறுபடி கொல்லிமலை. இந்த முறை வெயிலுக்கு முன் விடியற்காலையில் ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். வண்டியின் தண்ணீர் டேங்கில் கால்வாசி மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மேலே போய் நிரப்பியிருக்கிறார்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ ஆயிற்றே! ஏ.சி ஆஃப். கியரை இறக்கி, ஆக்சிலேட்டரை மிதமாக வைத்து ஏறியிருக்கிறார் பெரியவர். பெரிய கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட இது நல்லது, ஏனென்றால் பெல்ட்டில் ஓடும் ஃபேனும் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டதாம். விற்கச் சொன்ன மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் அம்மாவுக்கு முடியாது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டார்களாம்.

வழியில் கொதித்தால்?

முள் ஏறத் தொடங்கியதுமே ஏ.சி-யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழு அளவில் போடுங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். அப்படியும் இறங்கவில்லை என்றால் வளைவு இல்லாத, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள். ஹஸார்டு லைட், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ. எல்லோரும் இறங்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கட்டும்.

ஆவி வந்தால், அல்லது கூலன்ட் ஒழுகினால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்கலாம். பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, சூடும் விறைப்பும் போனபிறகு, தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளிவைத்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். அவசரப்பட்டு, கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விடலாம்.

ஆபத்துக்குக் குடிநீரோ, போர் தண்ணீரோ எது கிடைத்தாலும் ஊற்றலாம், தப்பில்லை. ஊருக்கு வந்ததும் அதை வடித்துவிட்டுச் சரியான கலவையை நிரப்பிவிடுங்கள். ஆறேழு லிட்டர் கலந்துவைத்த கூலன்ட் கேன் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லையும் இல்லை. அது இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வீட்டோடு போகும் வண்டி என்பதால் ஜூஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றிவைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.