சொந்தமாகச் செய்யும் முகாம் டிரெய்லர்: சமையல் மேடையின் எடை ஏன் முக்கியம்?

லாபிஸ், பெக்கோக் பக்கம் முகாமிடப் போகிறவர்களுக்குச் சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சியும் எண்டாவ்-ரொம்பின் பூங்காவின் சிலாய் நுழைவாயிலும் பழக்கமான இடங்கள். அங்கே இழுத்துப் போக ஒரு சின்ன டிரெய்லரை நீங்களே செய்யப் போகிறீர்களா? பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை இருக்கும் ‘கண்ணீர்த்துளி’ வடிவம்தான் பலரின் தேர்வு. 1930-களில் அமெரிக்காவில் பிரபலமான வடிவம் இது.

எடை கூடினால் என்ன ஆகும்?

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மேடையோ சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 30 கிலோ ஏற்றினால், 2 மீட்டர் முன்னால் உள்ள கொக்கியில் 15 கிலோ குறைந்துவிடும். கொக்கி லேசானால், யோங் பெங்கில் நெடுஞ்சாலை ஏறி வேகமெடுத்ததும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். காரையே புரட்டிவிடக்கூடிய ஆட்டம் அது.

எந்தப் பலகை, எத்தனை கிலோ?

120க்கு 50 சென்டிமீட்டர் மேடைக்கு உத்தேசக் கணக்கு:

• 20 மில்லிமீட்டர் கிரானைட்: 32 கிலோ
• 18 மில்லிமீட்டர் ரப்பர் மரப் பலகை: 7 கிலோ
• இரண்டு 3 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் கெட்டி ஃபோம்: 4 கிலோ

ரப்பர் மரம் நம்ம ஊர் மரம்தான். ஆனால், ஈரம் பட்டால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

ஃபோம் மேடை செய்வது எப்படி?

1. ஓரம் முழுக்க மரச்சட்டம் வையுங்கள். திருகு பிடிக்கும் இடங்களிலும் மரத்துண்டு தேவை. ஃபோமில் திருகு நிற்காது.
2. எப்பாக்ஸி பசையால் ஒட்டுங்கள். தின்னர் கலந்த பசை ஃபோமைக் கரைத்துவிடும்.
3. மேலே சமமாகப் பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள்.
4. வெட்டிய ஓரங்களுக்கும் வார்னிஷ் அடியுங்கள். மழை நீர் நுழைவது அங்கேதான்.

அடுப்பு விஷயத்தில் ஜாக்கிரதை. ஃபோம் சூட்டில் உருகும், தீயும் பிடிக்கும். கேஸ் அடுப்பைத் தனி இரும்பு ஸ்டாண்டில், டிரெய்லருக்கு வெளியே வைப்பதே நல்லது.

சாலையில் இறங்கும் முன்...

சாமான்கள், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு, கொக்கி முனையைக் காரில் மாட்டும் உயரத்திலேயே எடை மெஷினில் நிறுத்திப் பாருங்கள். 400 கிலோ டிரெய்லர் என்றால் 40 முதல் 60 கிலோ காட்ட வேண்டும். உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். பதிவு, அனுமதி பற்றி, பலகை வாங்கும் முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.