ஃபார்முலா 1: தீப்பொறி இல்லாமல் ஓட முடியாது

டீசல் லாரியின் இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அத்தகைய இயந்திரத்துடன்தான் 2006-இல் அவுடியின் 'ஆர்10 டிடிஐ' லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அங்கு டீசல் கார் ஒன்று வென்றது அதுவே முதல் முறை.

ஃபார்முலா 1-இல் அதற்கு வழியே இல்லை. சிலிண்டருக்கு ஒரே ஒரு பிளக், எரியூட்டல் அதன் வழியாக மட்டுமே என்கிறது விதி.

ஆனால், 2014-இல் எரிபொருள் ஓட்டம் மணிக்கு அதிகபட்சம் 100 கிலோ எனக் கட்டுப்படுத்தப்பட்டதும் பொறியாளர்களுக்கு நெருக்கடி தொடங்கியது. கூடுதல் பெட்ரோல் ஊற்றி வேகம் கூட்ட முடியாது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் உள்ள கலவை சிக்கனமானது. என்ன, அதைப் பற்ற வைப்பதுதான் பெரும்பாடு.

அதற்குக் கண்ட வழி, பிளக்கைச் சுற்றி நுண்துளைகள் கொண்ட ஒரு குட்டி அறை. அதற்குள் பொறி தட்டியதும் துளைகள் வழியே தீ பாய்ந்து, சிலிண்டருக்குள் ஒரே நேரத்தில் பல இடங்களில் பற்றுகிறது. விதியும் மீறப்படவில்லை, பொறி பிளக்கிலிருந்துதானே வந்தது!

2026 விதிகளோ அழுத்த விகிதத்தின் உச்சவரம்பை 18-லிருந்து 16-ஆக இறக்கிவிட்டன. தானாகப் பற்றும் எல்லையை நெருங்கிப் பார்க்க நினைப்போருக்கு இடம் இன்னும் சுருங்கிவிட்டது.