துளை, தோல், மின்னொலி

தமிழ் மரபு இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என வகுத்திருக்க, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'சம்தி' என்னும் ஜாஸ் இசைத்தொகுப்பு, சாக்ஸபோன், மிருதங்கம், கஞ்சிரா, ட்ரம்ஸ், மின்கிற்றார் ஆகியவற்றோடு, இவ்வகுப்புகள் எவற்றுள்ளும் அடங்காத மடிக்கணினியையும் சேர்த்துக்கொண்டது. இதனை உருவாக்கிய ருத்ரேஷ் மகந்தப்பா, இந்தியப் பெற்றோருக்கு 1971இல் இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சாக்ஸபோன் கலைஞர். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருவாகி, எடுத்துக்கொண்ட மெட்டை வாசிக்கும் கணத்திலேயே கற்பனையால் விரித்துச் செல்லும் ஜாஸ், மனோதர்மத்தை உயிராகக் கொண்ட கர்நாடக இசைக்கு அவ்வளவு அந்நியமானதன்று.

1846இல் அடோல்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன், பித்தளையால் ஆனதெனினும், நாணற்தகட்டின் அதிர்வால் ஒலிப்பதால் மரத்துளைக்கருவிகளின் குடும்பத்தில் வைக்கப்படுகிறது. இரட்டை நாணலாலான சீவாளியைக் கொண்ட நாதஸ்வரத்தில், துளையை விரலால் பாதி மூடியும் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் கமகத்தை எழுப்ப முடிகிறது. சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே உலோக மூடிகள் நிற்பதால், சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்வது அரிதாகிறது. நாதஸ்வரக் கலைஞரின் மகனாகிய கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை இசைக்குழுவில் இக்கருவியைக் கேட்டு, அதில் திருத்தங்கள் செய்து, பல்லாண்டுப் பயிற்சியால் இத்தடையைக் கடந்தார். அவருடன் 2008இல் 'கின்ஸ்மென்' என்னும் தொகுப்பை வெளியிட்ட மகந்தப்பா, 'சம்தி'யில் கோபால்நாத்தின் வாசிப்பைப் படியெடுக்காமல், அங்கு கற்றதை ஜாஸின் கட்டமைப்புக்குள் கரைத்துவிட்டார். கலப்பிசை முயற்சிகளில் இந்த அடக்கம் அரிதாகவே காணக்கிடைக்கிறது. மடிக்கணினியும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. ஊதப்படும் ஒலியையே பெற்று, அதை மாற்றியும் அடுக்கியும் திருப்பித் தருவதால், ஒரு துளைக்கருவி பலவாக விரிகிறது.

யாழ்ப்பாணத்து வாசகர் முதலில் கேட்கத்தக்கது, 'தோல்களின் சந்திப்பு' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட பகுதி. மிருதங்க வித்துவான் பாலக்காடு ரகுவின் பேரனும் மாணவருமான அனந்தகிருஷ்ணனும், ட்ரம்ஸ் கலைஞர் டேமியன் ரீடும் அதில் எதிரெதிராக வாசிக்கின்றனர். கோயில் வீதியில் விடியவிடிய மேளச்சமா கேட்டு, இரண்டு தவில்கள் ஒன்றையொன்று மடக்க முயல்வதைக் கையில் தாளம் போட்டுத் தொடர்ந்த செவிக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. தவில் கலைஞர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை (1933–1975) வளர்த்த மண்ணின் இரசிகர்கள், கணக்கு எங்கே வந்து சமத்தில் விழுகிறது என்பதைப் பார்ப்பதில் சற்றே கண்டிப்பானவர்கள். அந்தக் கண்டிப்பை ஜாஸுக்கும் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

குறையும் உண்டு. மின்கிற்றாரும் ட்ரம்ஸும் ஓங்கும் இடங்களில் மிருதங்கத்தின் நுண்சொற்கள் அமுங்கிவிடுகின்றன. மாறாக, ஒரு கையில் கழியும் மறு கை விரல்களில் கூடுகளுமாக வாசிக்கப்படும் தவில், திறந்த வெளியில் நாதஸ்வரத்துக்கு ஈடுகொடுக்கவே அமைந்த கருவியாதலால், இத்தகைய குழுவில் அதற்கு ஒலிபெருக்கியின் தயவுகூடத் தேவைப்படாது.