காரின் மேல் பனியோடு கிளம்பினால் என்ன ஆபத்து? முதலில் எதைச் சுத்தம் செய்யணும்?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனி கொட்டிய மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புபவர்களுக்கு முதல் வேலையே காரைத் தோண்டி எடுப்பதுதான். நேரமாச்சுன்னு முன்கண்ணாடியில் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டு கிளம்புபவர்கள் நிறைய பேர். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியை அல்ல, காரின் பின்னால் இருக்கும் சைலன்சர் குழாயை.

சைலன்சர் ஏன் முக்கியம்?

குழாய் பனியில் அடைபட்டிருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டால், கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகுந்துவிடும். நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. 2016 ஜனவரி பனிப்புயலின்போது நியூ ஜெர்சியின் பசேயிக் நகரில் நடந்தது இதுதான். வெளியே தந்தை பனியை அள்ளிக்கொண்டிருந்தார். குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டு காருக்குள் உட்கார்ந்திருந்த தாயும் ஒரு வயது மகனும் உயிரிழந்தனர். அதனால் குழாயைச் சுற்றி பனியை அகற்றிய பிறகே சாவியைத் திருப்புங்கள். பனி அள்ளி முடிக்கும்வரை குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கூரையில் இருந்தால் என்ன?

பிரேக் போட்டதும் கூரைப் பனி அப்படியே சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். வேகமாகப் போனால் பின்னால் வருபவருக்குத்தான் ஆபத்து. உறைந்த பனி பலகை மாதிரி பறந்துபோய் அடிக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் 1996-ல் லாரியிலிருந்து பறந்த பனிக்கட்டியால் நடந்த விபத்தில் ஓர் இளம்பெண் இறந்தார். அவர் பெயரில் வந்ததுதான் 'ஜெசிக்கா சட்டம்'. பென்சில்வேனியாவில் 2022 முதல், பனிப்பொழிவு நின்ற 24 மணி நேரத்துக்குள் வண்டியைச் சுத்தம் செய்தாக வேண்டும். யாருக்கும் அடிபடாவிட்டாலும் 50 டாலர் அபராதம். பறந்த பனி யாரையாவது காயப்படுத்தினால் 1,500 டாலர் வரை போகும்.

எப்படி அகற்றுவது?

கூரையிலிருந்து ஆரம்பித்து கீழே வாங்க. கண்ணாடியை முதலில் துடைத்தால் கூரைப் பனி மறுபடி அதன்மேல்தான் விழும், இரட்டை வேலை. நீளக் கைப்பிடி பிரஷ் போதும். மண்வெட்டி வேண்டாம், பெயின்ட் போய்விடும். வெந்நீர் ஊற்றவே கூடாது. உறைந்த கண்ணாடி சூடு பட்டதும் விரிசல் விடும். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்போது அதை ஓடவிட்டால் மோட்டார் கெட்டுப்போகலாம்.

பலரும் மறப்பது ஹெட்லைட், பின்விளக்கு, நம்பர் பிளேட், பின்பக்க கேமரா. புது கார்களின் எல்இடி விளக்குகள் பழைய பல்புகள் போல முன்பக்கம் சூடாவதில்லை. அதனால் அவற்றின் மேல் விழும் பனி தானாக உருகாது. பனி கொட்டிக்கொண்டே இருந்தால், வழியில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இறங்கி ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும்.