பொம்மை வண்டியைச் சுற்றி ஓர் ஊர்

பொம்மைப் புகைவண்டி என்றால் சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சாவி கொடுத்தால் ஓடும். சாவி தீர்ந்தால் நிற்கும். சில நாட்களில் பரணுக்குப் போய்விடும். ஆனால் அச்சிறு வண்டியைச் சுற்றி மலையும் மரமும் வீடும் வயலும் அமைக்கும் அரிய கைவினை ஒன்று உண்டு. மறைந்துகொண்டிருந்த ஒரு நாட்டுப்புறத்தின் தோற்றத்தையே அக்கைவினையால் காத்துவைத்தார் ஒருவர்.

அவர் பெயர் ராய் இங்லண்ட். பெயரில் இங்கிலாந்து இருப்பினும் அவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். 1925-ஆம் ஆண்டு, இளைஞராக அவர் இங்கிலாந்தில் வந்திறங்கினார். புகைவண்டிகளின் மீது தணியாத ஆர்வம் கொண்டிருந்த அவரை, ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் சிற்றூர்கள் பெரிதும் கவர்ந்தன. வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள் அங்கே நிறைந்திருந்தன. ஆனால் அவர் கண்முன்னேயே கூரைகள் களையப்பட்டன, வீடுகள் உருமாறின, சில இடிக்கப்பட்டன. அதைத் தடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்ததா? இல்லை. ஆயினும் அவர் வாளாவிருக்கவில்லை. வீடுகளை அளந்தார், நிழற்படம் எடுத்தார், அவற்றைச் சிற்றுருவில் படைக்கத் துணிந்தார்.

ஓரடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்பதே அவர் கைக்கொண்ட அளவு. அதாவது, உண்மையில் 76-இல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் 24 மில்லிமீட்டர் உயரமே இருப்பார்! சுவர்கள் அட்டையால் ஆனவை. செங்கல் வரிசைகளை அட்டையில் கீறி, நீர்வண்ணம் தீட்டினர். குழாய் இணைப்புகளில் சுற்றும் நார், வைக்கோல் கூரையாயிற்று. ஒரே வீட்டுக்கு நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு தேவைப்பட்டது.

1954-இல் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகம் தோன்றியது. அங்கே உருவான 'பெண்டன் பார்வா' கற்பனை ஊர்தான். ஆனால் அதன் வீடுகள் பல ஊர்களில் உண்மையாகவே நின்றவை. 1920-களிலும் 30-களிலும் இருந்த பள்ளத்தாக்கை அங்கே காணலாம். அதன் ஊடே அக்காலப் புகைவண்டிகளும் ஓடுகின்றன. ராய் இங்லண்ட் 1995-இல் காலமானார். அவர் தொடங்கிய பணியோ தன்னார்வலர்களின் கைகளில் தொடர்ந்தது.

இக்கைவினையின் அடிப்படை முறைகள் கடினமானவை அல்ல. கம்பி வலையை வளைத்து, அதன்மேல் சுண்ணச்சாந்து பூசினால் குன்றாகும். மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பிரித்தால் மரத்தின் அடியும் கிளைகளும் உருப்பெறும். தண்டவாளத்தினிடையே பொடிக்கற்களைப் பரப்பி, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக இடவேண்டும். பசையில் ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்தால், கற்களை உருட்டாமல் உள்ளே இறங்கும். தொலைவிலுள்ள குன்றுகளுக்கு வெளிறிய நீலச்சாயல் தரவேண்டும். எட்ட இருப்பவை நம் கண்ணுக்கு அப்படியே தோன்றுகின்றன அல்லவா?

கைத்திறனைவிட இங்கே முதன்மையானது கூர்ந்து நோக்கும் பழக்கமே. மழைநீர் வழிந்த சுவரில் கறை எங்கே படிகிறது? நடந்து நடந்து தேய்ந்த பாதையில் புல் எங்கே நின்றுவிடுகிறது? மரத்தின் அடிப்பாகம் உண்மையில் பழுப்பா, சாம்பல் நிறமா? கண்ணால் கண்டவனுக்கே கை பணியும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை அட்டையும் பசையுமாகத் தரையில் அமர்ந்து ஊர் ஒன்றைக் கட்டத் தொடங்கினால், வீண்வேலை என்று கடிந்துகொள்ளாதீர். முதலில் அவனை வெளியே அழைத்துச் சென்று ஒரு பழைய வீட்டைக் காட்டுங்கள். அதன் வாயிலையும் சாளரத்தையும் அவனே அளக்கட்டும். அங்கே வாழ்ந்த முதியவரிடம் அவ்வீட்டின் கதையைக் கேட்கட்டும். நாளை அந்த வீடு இல்லாமற் போகலாம். அதன் அளவும் நிறமும் அறிந்த ஒருவனாவது அப்போது இருப்பான்.