பல மூட்டுகளில் வாதம்: மருத்துவக் குறியீடு தவறினால் காப்பீட்டுக் கோரிக்கை என்னவாகும்?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது வழங்கப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் "பல மூட்டுகளில் வலி" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அது நோயின் பெயராகாது. காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்பதற்கும் கோரிக்கை தாமதமாவதற்கும் அந்த ஒரு வரியே காரணமாகலாம்.

குறியீடு எதற்கு?

நோய்களை ஒரே சீராகப் பதிவு செய்ய உலக சுகாதார நிறுவனம் வகுத்த பட்டியல் ஐசிடி எனப்படுகிறது. இந்தியாவில் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் 'பி' பகுதியில், முதன்மை நோய், கூடுதல் நோய், இணைநோய் ஆகியவற்றுக்கு ஐசிடி-10 குறியீடுகளைத் தனித்தனியே எழுத இடம் உள்ளது.

பிழை நேரும் இடம்

மூட்டுத் தேய்மானம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தால் அது 'எம்15' பிரிவைச் சேரும். எனினும், இரு முழங்கால்களில் மட்டும் தேய்மானம் இருப்பது இதில் அடங்காது. பாதிக்கப்பட்டது ஒரே வகை மூட்டு என்பதால் அதற்கு 'எம்17' குறியீடே பொருந்தும். இரு இடுப்பு மூட்டுகள் எனில் 'எம்16'. விரல், முழங்கால், இடுப்பு எனப் பரவியிருந்தால் 'எம்15'.

முடக்குவாதம் முற்றிலும் வேறு நோய். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் இது உண்டாகிறது. ரத்தத்தில் ருமட்டாய்டு காரணி காணப்பட்டால் 'எம்05', காணப்படாவிட்டால் 'எம்06.0' என இது குறிக்கப்படும். காரணம் வரையறுக்கப்படாத பல மூட்டு அழற்சிக்கு மட்டுமே 'எம்13.0' உரியது.

நோயாளிக்கு என்ன பாதிப்பு?

வயது சார்ந்த மூட்டுத் தேய்மானத்துக்குப் பல காப்பீட்டுத் திட்டங்களில் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி, இக்காலம் 36 மாதங்களுக்கு மேற்படக்கூடாது. முடக்குவாதத்தைத் தேய்மானம் எனத் தவறாகப் பதிவு செய்தால், பொருந்தாத நிபந்தனையின் பேரில் கோரிக்கை மறுக்கப்படும் நிலை வரலாம். அடுத்த மருத்துவரும் அந்தப் பதிவை நம்பியே சிகிச்சையைத் தொடங்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

நோயின் பெயர், பாதிக்கப்பட்ட மூட்டுகள், வலப்பக்கமா இடப்பக்கமா என்ற விவரம், எக்ஸ்ரே மற்றும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவை அறிக்கையில் உள்ளனவா என்று வீடு திரும்பும் முன்பே சரிபார்க்க வேண்டும். மருத்துவர் எழுதாததைக் குறியீட்டாளர் ஊகித்து நிரப்ப இயலாது. திருத்தம் தேவையெனில் சிகிச்சை அளித்த மருத்துவரிடமே கேட்டுப் பெற வேண்டும். கோரிக்கைத் தொகையைப் பெறுவதற்காக நோயின் பெயரை மாற்றி எழுதச் சொல்வது திருத்தமல்ல. அது பொய்த் தகவலாகவே கருதப்படும்.